நன்றியும் தாழ்மையும் வீட்டுக்குள்ளயே பழகுறது எப்படி

நம்ம கிறிஸ்தவ வீடுகள்ல ஸ்தோத்திரத்துக்கு பஞ்சமே கிடையாது, ஃபோன எடுத்தா ஸ்தோத்திரம், வைக்கும்போது ஸ்தோத்திரம், பாஸ்டர பாத்தா ஸ்தோத்திரம், பஸ்ல சீட் கிடைச்சா ஸ்தோத்திரம். நல்ல பழக்கம்தான், விட வேண்டாம். ஆனா ராத்திரி படுக்கப்போற நேரத்துல "இன்னைக்கு எதுக்கு ஸ்தோத்திரம் சொன்னீங்க"னு யாராவது கேட்டா சட்டுனு பதில் வராது, "எல்லாத்துக்கும்தான்"னு சொல்லிட்டு முடிச்சிருவோம். இத சரிபண்ண பெருசா உபவாசம், முழு இரவு ஜெபம் எதுவும் வேண்டாம், வீட்டுக்குள்ளயே, அடுப்பாங்கரைலயே, சாப்பாட்டு நேரத்துலயே செய்யக்கூடிய சின்னச் சின்ன காரியங்கள்தான், அதத்தான் எழுதுறேன்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னால லூக்கா 18-ம் அதிகாரத்த ஒரு தடவ எடுத்து வாசிச்சிருங்க, பரிசேயனும் (வேத சட்டத்த கண்டிப்பா கடைப்பிடிக்கிற யூதன்) ஆயக்காரனும் (வரி வசூலிக்கிறவன், ஜனங்க வெறுத்த ஆள்) ஜெபம் பண்ணப் போன உவமை. சின்ன வயசுல இருந்து சண்டே ஸ்கூல்ல கேட்ட கதைதான், ஆனா அதுல ஒண்ண நாம கவனிக்கிறதே இல்ல. அந்த பரிசேயன் செஞ்சது நன்றி ஜெபம்! "மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்"னு சொல்றான். ஒண்ணும் கேக்கல, முழுசா ஸ்தோத்திரம்தான், வாரத்துக்கு ரெண்டு நாள் உபவாசம் வேற இருக்கான், தசமபாகம், அதாவது வருமானத்துல பத்துல ஒரு பங்கு, ஒழுங்கா குடுக்கிறான். அப்படியும் நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனவன் ஆயக்காரன்தான். அதனால தாழ்மை இல்லாத நன்றி பக்கத்துல நிக்கிறவன கீழ தள்ளிரும், இது இயேசுவே சொல்லிக்குடுத்தது, அதனாலதான் நன்றி தனி பாடம் தாழ்மை தனி பாடம்னு பிரிக்காம ரெண்டையும் சேத்தே பழகணும்னு நான் நினைக்கிறேன்.

ராத்திரி குடும்ப ஜெபத்துல ஆரம்பிங்க

பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம்னு எப்பவும் நடக்கிறது நடக்கட்டும். ஜெபத்துக்கு முன்னால மட்டும் ஒரு அஞ்சு நிமிஷம், வீட்டுல உள்ள ஒவ்வொருத்தரும் இன்னைக்கு நடந்த ஒரு காரியத்த சொல்லணும். ரெண்டு கண்டிஷன் இருக்கு, அது இன்னைக்கு நடந்ததா இருக்கணும், அதுல ஒரு மனுஷனோ மனுஷியோ இருக்கணும். "சுகம் பெலன் ஜீவன் தந்தீரே"னு பொதுவா சொல்றது ஜெபத்துல சொல்லிக்கலாம், இங்க வேண்டாம். "மத்தியானம் கரண்ட் போயிருச்சு, மாவு பாதில நின்னுச்சு, எதிர்வீட்டு அக்கா இன்வெர்ட்டர் இருக்குனு கிரைண்டர அவங்க வீட்டுக்கு தூக்கிட்டு வரச்சொன்னாங்க", இந்த மாதிரி. சின்னப் பிள்ளைங்க இத நம்மள விட நல்லா சொல்லும், "ஸ்கூல்ல என் பென்சில் உடைஞ்சிருச்சு, பக்கத்துல இருந்தவ குடுத்தா"னு டக்குனு வரும். பெரியவங்களுக்குத்தான் முதல் ஒரு வாரம் வாய் வராது, யோசிச்சு யோசிச்சு உக்காந்திருப்பாங்க, பரவாயில்ல, உக்காரட்டும், அந்த யோசிக்கிற நேரமும் ஜெபம்தான்.

டீனேஜ் பையன் "எனக்கு ஒண்ணும் இல்ல"னு சொன்னா வற்புறுத்தாதீங்க, அடுத்த ஆளுக்கு போயிருங்க, அவன் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பான். தனியா ஹாஸ்டல்லயோ ரூம்லயோ இருக்கிறவங்க, நைட் டியூட்டி பாக்கிறவங்க ஒரு பழைய டைரில ஒரே ஒரு வரி எழுதுனா போதும், தேதி, ஆள், என்ன செஞ்சாங்க. கத்தோலிக்க சபைல இயேசு சபையார் இந்த மாதிரி ஒரு பழக்கத்த 16-ம் நூற்றாண்டுல இருந்தே வச்சிருக்காங்க, அந்த சபைய தொடங்குன இஞ்ஞாசியார் சொல்லிக்குடுத்த ஆன்ம சோதனைல முதல் படி பாவத்த தேடுறது இல்ல, கடவுள்கிட்ட இருந்து வாங்குனதுக்கு நன்றி சொல்றது, அதுக்கப்புறம்தான் தப்ப பாக்கிறது. இந்த வரிசை எனக்கு ரொம்ப பிடிக்கும், ஏன்னா நன்றியோட பாக்கிறவனுக்கு தன் தப்ப ஒத்துக்கிறது அவ்வளவு கஷ்டமா இருக்காது.

இப்ப இதோட ரெண்டாவது பாதி, இத விட்டுட்டா முதல் பாதி வீண். ராத்திரி யார் பேர சொன்னீங்களோ அவங்ககிட்ட மறுநாள் போய் சொல்லணும். லூக்கா 17-ல குஷ்டரோகிகள் பத்து பேர், பத்து பேருமே இயேசு சொன்னபடிதான் ஆசாரியர்கள்கிட்ட போயிட்டிருந்தாங்க, போற வழில பத்து பேருமே சுத்தமானாங்க, ஒரே ஒருத்தன், அவனும் யூதர்கள் ஒதுக்கி வச்ச சமாரியன், நன்றி சொல்ல திரும்பி வந்தான். மத்த ஒன்பது பேரும் கெட்டவங்கன்னு வேதத்துல எழுதல, சொன்ன வேலையத்தான் செஞ்சுட்டிருந்தாங்க, வீட்டுக்குப் போகணும், பொண்டாட்டி பிள்ளைகள பாக்கணும்னு அவசரமா கூட இருந்திருக்கலாம். நமக்கும் அந்த அவசரம்தான். அதனால திரும்பிப்போக ஒரு நேரம் ஒதுக்குங்க, காலைல பால் வாங்கப் போகும்போதோ ஆபீஸ் போற வழிலயோ, நேர்ல முடியாட்டி ஃபோன். வாட்ஸ்அப்ல கைகூப்புற ஸ்டிக்கர் ஒண்ண தட்டிவிட்டா அது நன்றில சேராது, குரல்ல சொல்லுங்க, என்ன செஞ்சாங்கன்னும் சேத்து சொல்லுங்க, "அக்கா நீங்க நேத்து மட்டும் கூப்பிடலன்னா அந்த மாவு புளிச்சுப் போயிருக்கும்"னு.

சாப்பாட்டு வேளை

சாப்பாட்டு ஜெபம் நம்ம எல்லார் வீட்டுலயும் இருக்கு. சொல்ற ஜெபத்த மாத்த வேண்டாம், வேற ஒண்ணு மாத்தணும். சமைச்சவங்க உக்காந்தாங்களானு பாருங்க. நம்ம வீடுகள்ல அம்மாவோ மனைவியோ தோசைய சுட்டு சுட்டு கொண்டு வந்து போட்டுட்டே இருப்பாங்க, நாம கண்ணமூடி "இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்"னு சொல்லி சாப்பிட்டு எந்திரிச்சுப் போயிருவோம், அவங்க கடைசில ஆறிப்போனத, சட்னி தீந்துபோன கிண்ணத்த வழிச்சு சாப்பிடுவாங்க. இத மாத்துறதுக்கு வழி, வாரத்துல ரெண்டு நாளாவது எல்லாத்தையும் செஞ்சு மேசைல வச்சிட்டு எல்லாரும் ஒண்ணா உக்காருங்க, தோசை மாதிரி சுடச்சுட போடவேண்டிய நாள்ல வீட்டு ஆம்பளைங்க ஒருத்தர் கல்லுக்கு முன்னால நிக்கட்டும். பிஞ்சு போனாலும் பரவாயில்ல.

வேலைக்கு வர்ற அக்காவுக்கு உங்க வீட்டுல தனி டம்ளர் இருக்கா? இருந்தா அத இன்னைக்கே எடுத்துருங்க. இத விட முக்கியமான ஒரு தாழ்மைப் பயிற்சி இந்த பூரா கட்டுரைலயும் இல்ல. நீங்க குடிக்கிற டம்ளர்லயே காபி குடுங்க, தரைல உக்கார வைக்காம சேர்ல உக்காரச் சொல்லுங்க, அவங்களே கூச்சப்பட்டு வேண்டாம்பாங்க, ரெண்டு மூணு தடவ சொல்லுங்க.

அப்புறம் கைப்பிடி அரிசி. நம்ம பாட்டிமார் நிறைய பேர் செஞ்சதுதான், உலைல போட அரிசி அளக்கும்போது அதுல இருந்தே ஒரு கைப்பிடி எடுத்து தனிப் பானைல போட்டு வச்சு ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு கொண்டு போவாங்க. மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைல பெண்கள் 1910-ல இருந்து இந்த பழக்கத்த விடாம வச்சிருக்காங்க, இன்னைக்கு வருஷத்துக்கு கோடிக்கணக்குல ஊழியத்துக்கு அதுல இருந்து வருது. இதுல நான் பாக்கிற அழகு என்னன்னா, மிச்சம் இருந்தா குடுக்கிறது இல்ல இது, அளந்த அரிசில இருந்து குறைச்சு குடுக்கிறது, பணக்கார வீட்டு கைப்பிடியும் ஏழை வீட்டு கைப்பிடியும் ஏறக்குறைய ஒரே அளவுதான், பானைல கொட்டுனதுக்கப்புறம் எது யார் அரிசின்னே தெரியாது. உங்க சபைல இப்ப அரிசி வாங்கலன்னாலும் வீட்டுல தொடங்குங்க, மாசக்கடைசில தேவைப்படுற ஒரு வீட்டுக்கு குடுங்க, பிள்ளைங்க கையால அள்ளிப்போடச் சொல்லுங்க.

பேர் போடாம குடுக்கிறது

நம்ம கோயில்கள்ல டியூப் லைட், ஃபேன், பெஞ்சு, மணிக்கூண்டு எதப் பாத்தாலும் உபயம்னு ஒரு பேர் எழுதிருக்கும். குடுத்தவங்க நல்ல மனசோட குடுத்திருப்பாங்க, செத்துப்போன அப்பா அம்மா ஞாபகமா குடுத்ததும் நிறைய இருக்கு, அத நான் மதிக்கிறேன். ஆனா உங்க இருதயத்த சோதிச்சுப் பாக்க ஒரு நல்ல வழி, வருஷத்துக்கு ஒண்ணாவது பேர் வெளிய வராம குடுங்க, பொருளாளர்கிட்ட கூட கவர்ல போட்டு "பேர் வேண்டாம்"னு சொல்லிருங்க, மனைவிகிட்ட சொல்லலாம், வேற யாருக்கும் வேண்டாம். அடுத்த வாரம் அறிக்கைல வேற ஒருத்தர் பேர வாசிச்சு எல்லாரும் ஆமென் சொல்லும்போது உள்ளுக்குள்ள ஏதோ குத்துதான்னு பாருங்க. குத்துனா பயப்படாதீங்க, அந்த இடத்த கர்த்தர்கிட்ட காட்டி ஜெபம் பண்ணுங்க.

அறுப்பின் பண்டிகை, அதாவது விளைச்சலுக்கு நன்றி சொல்ற பண்டிகை, அதுல நடக்கிற ஏலத்த பாத்திருப்பீங்க. திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் கோயில் வாசல்ல முருங்கக்கா கட்டு, பூசணிக்கா, வாழைத்தார், நாட்டுக்கோழி, ஒரு தட்டுல நாலு முட்டை எல்லாம் வரிசையா இருக்கும், ஒருத்தர் மைக்க பிடிச்சு ஏலம் விடுவார், பத்து ரூபா எலுமிச்சம்பழம் ஆயிரத்துக்கு மேல போகும். சந்தோஷமான நேரம், பிள்ளைங்களுக்கு கொண்டாட்டம். அதுல ரெண்டு வீட்டுக்காரங்க போட்டி போட்டு ஏத்தும்போது மட்டும் ஸ்தோத்திரம் கைமாறி கௌரவமா போயிரும். நீங்க ஏலம் எடுக்கிறதா இருந்தா இப்படி செய்யுங்க, பெரிய வாழைத்தாருக்கு கூட்டம் இருக்கும், அத விட்டுருங்க, மூலைல ஒரு பாட்டி கொண்டு வந்து வச்ச ரெண்டு கட்டு கீரை இருக்கும், யாரும் கேக்க மாட்டாங்க, அத நல்ல விலைக்கு எடுங்க, எடுத்துட்டு பாட்டிகிட்ட போய் "உங்க கீரைய நாங்கதான் எடுத்தோம், இன்னைக்கு எங்க வீட்டுல அதுதான் பாட்டி"னு சொல்லுங்க. மாற்கு 12-ல விதவை ரெண்டு காசு போட்டத காணிக்கைப்பெட்டிக்கு எதிரே உக்காந்து பாத்த இயேசு இதையும் பாப்பார்.

யாரும் பாக்காத வேலை

பெரிய வியாழன் அன்னைக்கு நிறைய சபைகள்ல பாதம் கழுவுற ஆராதனை நடக்கும், யோவான் 13. கழுவப்படப்போற பன்னெண்டு பேரும் வீட்டுலயே சோப்பு போட்டு கால கழுவிட்டுத்தான் வருவாங்க, அது அடையாளம், அடையாளமாவே இருக்கட்டும். மத்த 364 நாளைக்கு நமக்கு என்ன வேலைன்னு பாக்கணும். வீட்டுல டாய்லெட் கழுவுறது யாருன்னு யோசிங்க, அந்த ஆள் நீங்க இல்லன்னா இந்த வாரம் நீங்க எடுத்துக்கோங்க, சொல்லிக்காட்டாம, ஸ்டேட்டஸ் போடாம.

கோயில்ல அசனம், அதாவது எல்லாருக்கும் விருந்து, நடக்கும்போது பரிமாற நிறைய கை வரும், பந்தி விசாரிக்க பெரியவங்க வேட்டிய மடிச்சுக்கட்டிட்டு வருவாங்க. எல்லாரும் சாப்பிட்டு போனதுக்கப்புறம் பின்னால போய் பாருங்க, கறிக்குழம்பு வச்ச அண்டா, அடி பிடிச்ச சோத்துப்பானை, கொழுப்பு உறைஞ்சு வெள்ளையா படிஞ்சிருக்கும், நாலஞ்சு பேர் மட்டும் தேங்கா நாரும் சாம்பலும் வச்சு தேச்சிட்டு இருப்பாங்க, அதுவும் பெரும்பாலும் வருஷா வருஷம் அதே ஆளுங்கதான். அங்க போய் உக்காருங்க. அண்டாவுக்குள்ள பாதி உடம்ப விட்டுத்தான் தேய்க்கணும், முழங்கை வரைக்கும் கரி ஏறும், ரெண்டு நாளைக்கு கைல கறி வாசம் போகாது. கமிட்டி மெம்பரா இருந்தா கண்டிப்பா போங்க.

இதச் சொல்லிட்டு ஜாதியப் பத்தி பேசாம போனா நான் எழுதுறது பாதிதான். தமிழ் சபையோட பழைய காயம் இது. 1833-ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள்ள ஜாதி வித்தியாசமே இருக்கக்கூடாதுன்னு கடிதம் அனுப்பினார், ராப்போஜனத்துல (ஆண்டவர் நினைவா அப்பமும் ரசமும் வாங்குற ஆராதனைல) கூட முன்ன பின்ன பாக்காம எல்லாரும் ஒண்ணா வரணும்னு. வேப்பேரிலயும் தஞ்சாவூர்லயும் நிறைய பேர் அத ஏத்துக்காம சபைய விட்டே விலகிப் போனாங்க. ஆண்டவரோட பந்தில ஒரே பாத்திரத்துல குடிக்கிறதுக்கு மனசு வராத அளவுக்கு பெருமை இருந்திருக்கு. இப்ப பாத்திரம் ஒண்ணாயிருச்சு, ஆனா கல்யாணப் பேச்சு வந்தா "நம்ம ஆளுங்களா"ங்கிற கேள்வி இன்னும் இருக்கு. இதுக்கு நான் சொல்ற வழி ரொம்ப எளிசு. உங்க சபைல யார் வீட்டுல நீங்க இதுவரைக்கும் சாப்பிட்டதே இல்லன்னு யோசிங்க. அவங்கள உங்க வீட்டுக்கு கூப்பிடுறதுக்கு முன்னால நீங்க அவங்க வீட்டுக்கு போங்க, குடுக்கிறத சாப்பிடுங்க, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கி சாப்பிடுங்க.

வெள்ளாளன்விளைல 1874-ல பிறந்த வேதநாயகம் அசரியா 1910-ல எடின்பரோ மிஷனரி மாநாட்டுல இததான் வெள்ளைக்காரங்க முன்னால நின்னு சொன்னார். நீங்க ஏழைகளுக்கு உங்க ஆஸ்திய குடுத்தீங்க, உங்க சரீரத்தையும் குடுத்தீங்க, நாங்க அன்ப கேக்கிறோம், எங்களுக்கு சிநேகிதர்களை தாங்கன்னு. ரெண்டு வருஷம் கழிச்சு அவர்தான் ஆங்கிலிக்கன் சபையோட முதல் இந்திய பிஷப் ஆனார். பிஷப் ஆனப்புறமும் தோர்ணக்கல் பக்கம் தெலுங்கு கிராமங்கள்ல தாழ்த்தப்பட்ட மக்கள் நடுவுலதான் மாட்டு வண்டில போய் ஊழியம் செஞ்சார். தர்மம் குடுக்கிறவனுக்கு கை மேல இருக்கும், சிநேகிதனா போனா ஒரே மட்டத்துலதான் உக்காரணும். அதனாலதான் அது கஷ்டம்.

வாங்கிக்கிறதும் பழகணும்

இது வயசானவங்களுக்கும், எப்பவும் ஊருக்கே ஓடி ஓடி செய்றவங்களுக்கும். இயேசு சீஷர்களோட கால கழுவ வந்தப்ப பேதுரு "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது"ன்னு சொன்னான், கேக்க பணிவு மாதிரியே இருக்கு, இயேசு அத ஒத்துக்கல. டோனாவூர்ல மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மா எத்தனையோ பிள்ளைகள வளத்தவங்க, 1931-ல கீழ விழுந்து அடிபட்டதுல இருந்து 1951-ல இறக்கிற வரைக்கும் பெரும்பாலும் ஒரே அறைலதான், தான் தூக்கி வளத்த பிள்ளைங்க தன்னைப் பாத்துக்கிற நிலைமைல இருந்தாங்க. அவங்க கல்லறைல பெரிய கல் கிடையாது, பறவைங்க தண்ணி குடிக்கிற ஒரு தொட்டி, அதுல அம்மானு எழுதியிருக்கும். ஆஸ்பத்திரில இருக்கும்போது சபைக்காரங்க சாப்பாடு கொண்டு வந்தா "எதுக்கு உங்களுக்கு சிரமம்"னு திருப்பி அனுப்பாதீங்க. வாங்கிக்கோங்க. மறுவாரமே அதே அளவுக்கு திருப்பிக் குடுத்து கணக்க முடிக்கணும்னும் அவசரப்படாதீங்க, கொஞ்ச நாள் கடன்பட்டவங்களாவே இருங்க.

நன்றி வராத நாள்ல

வேலை போன வீடு, சாவு விழுந்த வீடு, டெஸ்ட் ரிசல்ட் மோசமா வந்த வீடு. அங்க போய் "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்னு வசனம் இருக்கே"னு சொல்லாதீங்க, தயவு செஞ்சு சொல்லாதீங்க. செத்துப்போன லாசருவ உயிரோட எழுப்பப் போறோம்னு தெரிஞ்ச இயேசுவே கல்லறைகிட்ட கண்ணீர் விட்டார். அந்த வீட்டுல போய் பேசாம உக்காருங்க, பாத்திரம் கிடந்தா கழுவிக் குடுங்க, வர்றவங்களுக்கு காபி போடுங்க. துக்கம் உங்க வீட்டுலயே இருந்தா 13-ம் சங்கீதத்த எடுங்க, ஆறே வசனம், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு ஆரம்பிக்கும், கடைசி வசனம் பாடுவேன்னு முடியும். முதல் வசனத்துல ஒரு மாசம் நின்னாலும் பரவாயில்ல, கடைசி வசனத்துக்கு ஓடணும்னு ஒண்ணும் இல்ல. புலம்பல் 3-ல இரக்கங்கள் "காலைதோறும் புதியவைகள்"னு இருக்கே, அது எருசலேம் இடிஞ்சு கிடக்கும்போது எழுதுன புஸ்தகம், நல்லா இருந்த காலத்துல எழுதுனது இல்ல.

சாட்சி சொல்லும்போது

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைல எல்லாரும் சாட்சி சொல்வோம். எந்திரிக்கிறதுக்கு முன்னால மூணு விஷயம் பாத்துக்கோங்க. ரூபா கணக்கு, சதுர அடி கணக்கு வேண்டாம், வாடகை குடுக்க முடியாதவங்க பின் பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. உதவி செஞ்ச மனுஷங்க பேர சொல்லுங்க, பிள்ளைக்கு சீட் கிடைச்சதுன்னா ராத்திரி பகலா சொல்லிக்குடுத்த டீச்சர் பேரும் வரட்டும், அவங்க இந்துவா இருந்தாலும் முஸ்லிமா இருந்தாலும் வரட்டும், "என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும்"னு நினைக்காதேன்னு உபாகமம் 8-ல சொன்னது நமக்கும்தான். மூணாவது, "அத்தன பேர் போயிட்டாங்க, எங்கள மட்டும் கர்த்தர் காத்தார்"னு சொல்லவே சொல்லாதீங்க. 2004 டிசம்பர் 26 சுனாமில கிறிஸ்மஸ் முடிஞ்ச மறுநாள் வேளாங்கண்ணில எத்தன பக்தர்கள கடல் கொண்டு போச்சு, அவங்களும் ஜெபிக்கத்தான் வந்தாங்க. தப்பிச்சதுக்கு நன்றி சொல்லணும், கண்டிப்பா சொல்லணும், ஆனா போனவங்களோட ஒப்பிட்டுச் சொல்லும்போது பரிசேயன் நின்ன அதே இடத்துலதான் நாமளும் நிக்கிறோம்.

கடைசியா ஒண்ணு, மன்னிப்பு கேக்கிறது. காணிக்கைய பலிபீடத்துகிட்ட வச்சிட்டு முதல்ல போய் சகோதரனோட ஒப்புரவாகுன்னு மத்தேயு 5-ல இருக்கு. வெளி ஆள்கிட்ட கேட்டுருவோம், வீட்டுல பிள்ளைங்ககிட்டயும் மருமககிட்டயும்தான் கேக்க மாட்டோம். சனிக்கிழமை ராத்திரி, ஆராதனைக்கு முந்தின நாள், அதுக்குன்னு வச்சிக்கோங்க. எப்படி கேக்கணும்னா, "நான் ஏதாவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிரு"ன்னு பொதுவா கேக்காதீங்க, "புதன்கிழமை உன் அம்மா முன்னால உன்ன சத்தம் போட்டேன், அது தப்பு"ன்னு செஞ்சத சொல்லி கேளுங்க, "நீயும்தான்"னு வால் சேக்காதீங்க. அவங்க உடனே சரின்னு சொல்லலன்னா விட்டுருங்க, அவங்களுக்கு ரெண்டு நாள் ஆகலாம், நீங்க பாட்டுக்கு போய் மறுநாள் போட வேண்டிய துணிய அயர்ன் பண்ணுங்க, அவங்களோடதையும் சேத்து.